பன்னிரண்டாவது தகடு

சாதிக் அலி இரண்டாவது ஆப்பத்தைத் தேங்காய்ப்பாலில் தோய்த்த நேரத்தில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

“கேஸ் வருது பாய்,” என்றாள் கல்யாணசுந்தரி, டைப்ரைட்டரிலிருந்து தலையை நிமிர்த்தாமல். “பொம்பளைச் செருப்பு. ரெண்டு படிக்கு ஒரு தரம் நிக்கிறாக. ஒண்ணு மூட்டுவலியா இருக்கணும், இல்லாட்டி போலாமா வேண்டாமாங்கிற யோசனையா இருக்கணும்.”

“மூட்டுவலின்னா டாக்டரைத்தானே பார்ப்பாக?”

“உங்களைப் பார்த்த பிறகு அங்க போவாக.”

சாதிக் அலி ஆப்பத்தைப் பிய்த்தார். ஆப்பம் ஆறிவிடும் என்ற கவலை அவருக்கு. இருபது வருஷம் தீ விபத்து இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். எரிந்துபோன கடைகளுக்குள் புகுந்து, எந்தச் சுவர் முதலில் கறுத்தது, எந்த மூட்டை தானாக எரிந்தது, எதை முதலாளியே கொளுத்தினார் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. நிறையப் பேரைக் கண்டுபிடித்துவிட்டதால் அந்த வேலை போயிற்று. 1968இல் காரைக்குடி செக்காலை ரோட்டில் மாடியறை பிடித்துத் ‘துப்பறியும் நிபுணர்’ என்று பலகை மாட்டினார். கீழ்த்தளத்தில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த கல்யாணசுந்தரி, பலகையில் இருந்த எழுத்துப் பிழையைத் திருத்த மாடிக்கு வந்தவள், மூன்று வருஷமாக இறங்கவில்லை.

வந்த பெண்மணிக்கு நாற்பது வயதிருக்கும். மார்போடு ஒரு சின்ன மரப்பெட்டியை அணைத்திருந்தார். கைத்தறிப் புடவையின் கரையில் பொட்டுப் பொட்டாகத் துளைகள்.

“அமிலம் தெறிச்ச துளை,” என்றார் சாதிக் அலி. “சாக்கோட்டை ரோட்டு முலாம் பட்டறை நாகவல்லிதானே நீங்க? உக்காருங்க.”

“என் பட்டறையை இன்னும் ரெண்டு நாள்ல பூட்டிருவாக சார்,” என்று உட்கார்ந்தபடியே சொன்னார் நாகவல்லி. “அதுகூடப் பரவாயில்ல. நேத்து ஒரு மனுசர் சாகக் கிடந்தாரு. என் தகட்டால.”

பெட்டியைத் திறந்தார். கறுப்பு வெல்வெட்டில் பன்னிரண்டு குழிகள். ஒவ்வொன்றிலும் கால் ரூபாய் அளவில் ஒரு வட்டத் தகடு.

“ஆஸ்பத்திரியில இதயத்துக்குப் படம் எடுக்கிற மிஷின் இருக்குல்ல, ஈ.சி.ஜி.ன்னு. அதோட வயர் நுனியில, நெஞ்சுல வச்சுக் கட்டுற தகடு இது. வெறும் வெள்ளியா இருந்தா மிஷின்ல கோடு தள்ளாடும். உப்புத் தண்ணியில முக்கிக் கரண்டு விட்டா, மேல மெல்லிசா ஒரு பூச்சு ஏறும். அப்புறம் கோடு அசையாது. இதெல்லாம் வெளிநாட்டுலேர்ந்துதான் வந்துக்கிட்டிருந்துச்சு. நான் காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிச்சவ. குத்துவிளக்குக்கும் கத்திரிக்கோலுக்கும் முலாம் பூசிக்கிட்டே, ரெண்டு வருசம் பாழாக்கிப் பாழாக்கி, இப்பத்தான் இது கைவந்துச்சு.”

கானாடுகாத்தானில் டாக்டர் ஆபிதா நடத்தும் சிறிய ஆஸ்பத்திரி முதல் பன்னிரண்டு தகடுகளைக் கேட்டிருந்தது. முந்தின நாள், புதன்கிழமை காலை பத்தேகாலுக்குப் பெட்டி அங்கே போய்ச் சேர்ந்ததற்கு நாகவல்லியிடம் ரசீது இருந்தது. மாலை ஐந்து மணிக்கு, மருது என்ற ஒக்கூர் விவசாயி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். புதுத் தகடுகளை வைத்துப் படம் எடுத்தார்கள். கோடு பேய் பிடித்தமாதிரி ஆடியது. இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது என்று நினைத்து டாக்டர் கடுமையான ஊசி ஒன்றைப் போட்டார். சில நிமிஷங்களில் மருதுவின் கைகால்கள் சில்லிட்டுப் போயின. நாடி இறங்கியது. டாக்டர் சந்தேகப்பட்டுப் பழைய தகடுகளை மாட்டிப் பார்த்தால், கோடு சாதாரணமாக ஓடியது. அந்த ஊசியே தேவைப்பட்டிருக்கவில்லை.

“ரெண்டு மணி நேரம் போராடிக் காப்பாத்திட்டாக,” என்றார் நாகவல்லி. “பெட்டியை உடனே எனக்கே திருப்பி அனுப்பிட்டாக. டாக்டரம்மா மேல தப்பில்ல. மிஷினை நம்புனாக. மிஷின் என் தகட்டை நம்புச்சு. நான் ராத்திரியெல்லாம் யோசிச்சேன். என் பூச்சு கெட்டுப்போக ஒரே வழிதான் இருக்கு. வெயில். போட்டோ காகிதம் மாதிரிதான் இதுவும். வெளிச்சம் பட்டாக் கறுக்கும். அறை வெளிச்சத்துல மெதுவா. நேர் வெயில்ல பத்தே நிமிசம். பெட்டிக்குள்ள இருக்கிறவரைக்கும் ஒண்ணும் ஆகாது. யாரோ இதை வெளிய எடுத்து வெயில்ல வச்சிருக்காக.”

“பெட்டியைக் கொண்டுபோனது யாரு?”

நாகவல்லி வெல்வெட்டின் ஓரத்தை விரலால் நீவினார்.

“வீரையாண்ணன். பட்டறையில பாலிஷ் போடுறவுக. பதினோரு வருசமா என்கூட இருக்காக. நடுவுல பெட்டி அவுக கையில மட்டுந்தான் இருந்துச்சு. அதோட, செவ்வாய்க்கிழமை சத்தியமூர்த்தின்னு ஒருத்தர் பட்டறைக்கு வந்தாரு. வெளிநாட்டுத் தகடு விக்கிற மெட்ராஸ் ஏஜெண்டு. பூச்சு போடுற முறையைக் கேட்டாரு. முடியாதுன்னேன். வெளிய போயி வாசல்ல நின்னு வீரையாண்ணன்கிட்ட பத்து நிமிசம் பேசிக்கிட்டிருந்தாரு. நான் பார்த்தேன்.”

“வீரையாவைக் கேட்டீகளா?”

“கேக்கல. நேத்து ராத்திரியே அவுக வீட்டு வாசல்ல போயி நின்னு, இனிமே வேலைக்கு வரவேண்டாம்னுட்டேன்.”

கல்யாணசுந்தரி இதற்குள் தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பழைய செய்தித்தாளில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தகட்டின் பின்புறமும் நாகவல்லி கையால் பொறித்த எண் இருந்தது.

“பாய், ஆப்பத்தை விட்டுட்டு இங்குட்டு வாங்க. கோலி விளையாட்டு ஒண்ணு காட்டுறேன்.”

சாதிக் அலி குனிந்து பார்த்தார். ஒன்று முதல் மூன்று வரை கறுத்திருந்தன. நான்கு, ஐந்து, ஆறு வெளிறிய சாம்பல் நிறத்தில் புத்தம் புதிதாக இருந்தன. ஏழு, எட்டு, ஒன்பது கரிக்கட்டையாக இருந்தன. பத்து, பதினொன்று, பன்னிரண்டு மறுபடியும் வெளிறிய சாம்பல்.

“இன்னொண்ணு,” என்றாள் அவள். “ரெண்டாம் நம்பர்ல இருக்கிற ‘2’க்கு அடியில ஒரு சுழி இருக்கு. பன்னெண்டுல இருக்கிற ‘2’ மொட்டையா நிக்குது. ஒரே கை எழுதினது இல்ல. நான் ஆயிரம் பேரோட கையெழுத்தைப் படிச்சு டைப் அடிச்சவ.”

நாகவல்லி பன்னிரண்டாவது தகட்டை வெடுக்கென்று எடுத்தார். கையில் வைத்து எடை பார்த்தார். நகத்தால் சுரண்டப் போனவரைச் சாதிக் அலி தடுத்தார். பதினொன்றையும் பன்னிரண்டையும் வாங்கிப் பால்கனிச் சுவரில் வெயிலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, மிச்சமிருந்த ஆப்பத்தைச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டுப் போய்ப் பார்த்தபோது பதினொன்று ஊதாவாகக் கறுத்திருந்தது. பன்னிரண்டு அப்படியே இருந்தது.

“ஈயத்துல செஞ்சு சாம்பல் பெயிண்டு அடிச்சிருக்கு,” என்றார் அவர். “உங்க பன்னெண்டாவது தகட்டை ஒருத்தன் எடுத்துக்கிட்டு, பொய்த் தகடு ஒண்ணை வச்சுட்டான். எடுத்ததைப் பிரிச்சு ஆராய்ஞ்சா, உங்க பூச்சோட சூத்திரம் தெரிஞ்சிரும். யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது. பெட்டியை வெயில்ல திறந்ததுதான் அவன் செஞ்ச தப்பு. பூச்சைப் பத்தி அவனுக்கு ஒண்ணுந் தெரியல.”

“அப்ப மத்த அஞ்சு தகடு ஏன் தப்பிச்சுச்சு?” என்றாள் கல்யாணசுந்தரி. “யாராவது குடை பிடிச்சாகளா?”

சாதிக் அலி நாகவல்லியைப் பார்த்தார். “பட்டறையில இதை எந்த வெளிச்சத்துல செய்றீக?”

“சிவப்பு பல்புதான். சிவப்போ மஞ்சளோ இதை ஒண்ணும் பண்ணாது. நீலம்தான் எமன்.”

சாதிக் அலி துண்டால் கையைத் துடைப்பதை நிறுத்தினார். எரிந்த கடைகளின் சுவர்களைப் படித்த கண்கள் இப்போது அந்தத் தகடுகளைப் படித்தன.

“நீலக் கண்ணாடி,” என்று முதல் மூன்றின் மேல் விரல் வைத்தார். “சிவப்புக் கண்ணாடி. அடுத்தது கண்ணாடி உடைஞ்ச ஓட்டை, அதான் கரியாயிருச்சு. கடைசியில மஞ்சள். பழைய வீடுகள்ல ஜன்னலுக்கு மேல கலர்க் கண்ணாடி பதிச்சிருப்பாகல்ல, அப்படி ஒரு ஜன்னலுக்குக் கீழ, நம்பர் வரிசை தப்பாம அடுக்கி வச்சுப் பார்த்திருக்கான்.”

“செட்டிநாட்டுல கலர்க் கண்ணாடி இல்லாத வீட்டைத் தேடினா சீக்கிரம் முடியும் பாய். இருக்கிற வீட்டைத் தேடினா நான் ரிட்டயர் ஆயிருவேன்.”

“கானாடுகாத்தான்ல தேடுவோம். பெட்டி போன ஊர் அதுதான். அங்க பாதி வீடு பூட்டிக் கிடக்கு. பூட்டுன வீட்டுல ஆள் இருந்தா, காபி வெளியிலேர்ந்துதான் போகணும்.”

*

சாதிக் அலியின் பழைய ஆஸ்டின் கார் இரண்டு பேர் தள்ளினால் கிளம்பும். நாகவல்லியும் தள்ளினார்.

“இதைத் திருடிட்டுப் போறவன் மறுநாள் நம்மகிட்டயே கேஸ் கொடுக்க வருவான்,” என்று மூச்சு வாங்கியபடி பின் ஸீட்டில் ஏறினாள் கல்யாணசுந்தரி.

கானாடுகாத்தானில் முதல் டீக்கடையிலேயே வேலை முடிந்தது. கடைக்காரர் மீரான் சாகிபு, கேள்வி முடியுமுன்பே பொருமித் தள்ளிவிட்டார்.

“மெட்ராஸ்காரரையா கேக்குறீக? நாலு நாளா இங்கேருந்துதான் காபி போகுது. சீனி பத்தலைன்னு ஒரு தரம், ஆறிப்போச்சுன்னு ஒரு தரம், டபராவுல கறைன்னு ஒரு தரம். ஒரு காபிக்கு மூணு நடை. தெக்குத் தெருவுல கடைசிக்கு முந்தின வீடு. வாட்ச்மேன் ஏகப்பன் ஒரு ரூமை வாடகைக்கு விட்டிருக்கான்.”

வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிந்தது. பக்கவாட்டுச் சந்தில் போய் மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு ஜன்னலின் தலைப்பில் நான்கு கண்ணாடிகள் இருந்த இடம். இடமிருந்து வலமாக மஞ்சள், ஓட்டை, சிவப்பு, நீலம்.

“தலைகீழா இருக்கு,” என்றாள் கல்யாணசுந்தரி ஏமாற்றத்தோடு.

“நாம வெளிய நிக்கிறோம்மா. உள்ள நின்னு பார்த்தா நீலத்துலதான் ஆரம்பிக்கும்.”

“தெரியும். உங்களுக்குத் தெரியுமான்னு பார்த்தேன்.”

ஏகப்பன் கதவைத் திறந்தான். நீண்ட முற்றத்தைத் தாண்டி அவர்களை அறைக்கு அழைத்துப் போனான். சத்தியமூர்த்தி ஜன்னலுக்கு எதிரே மேஜையில் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். டெரிலின் சட்டை, எண்ணெய் தடவி வகிடெடுத்த தலை. மேஜைமேல் மூன்று பேனாக்கள், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு ரேஸர், சீப்பு, எல்லாம் அளவு வாரியாக அணிவகுத்து நின்றன.

“ஆள் இவுகதான்,” என்று கிசுகிசுத்தாள் கல்யாணசுந்தரி. “சீப்புப் பல்லுக்குக்கூட நம்பர் போட்டு வச்சிருப்பாக.”

நாகவல்லியைப் பார்த்ததும் சத்தியமூர்த்தி எழுந்து கும்பிட்டார். அவர் முகத்தில் பதற்றமே இல்லை. சாதிக் அலி விஷயத்தைச் சொன்னார். நீலம், சிவப்பு, ஓட்டை, மஞ்சள். கடைசியில் மொட்டை இரண்டு போட்ட ஈயத் தகடு. கேட்கக் கேட்க சத்தியமூர்த்தி தலையை மெல்ல ஆட்டி ரசித்தார்.

“கெட்டிக்காரர் சார் நீங்க. மெட்ராஸ்ல இருக்க வேண்டியவர்.” தன் சூட்கேஸைத் திறந்து, கறுப்புக் காகிதத்தில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். “பன்னிரண்டாவது தகடு இதுதான். நான் திருடலை. விலைக்கு வாங்கினேன். வித்தவன் அவன்தான் சொந்தக்காரன்னு சொன்னா எனக்கென்ன தெரியும்? ஈயத் தகடு அவன் கொண்டுவந்தது.”

“யாரு வித்தது?”

“இந்த அம்மாவோட ஆள்தான். வீரையா. செவ்வாய்க்கிழமை பேசி வச்சோம். நேத்துக் காலைல ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போற வழியில இங்க வந்தான். பத்து நிமிஷம் பார்த்தேன், ஒண்ணை எடுத்துக்கிட்டேன், போயிட்டான்.”

நாகவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டார். சந்தேகப்பட்டது நிஜமாகிவிட்டால் மனசு ஆறும் என்று நினைத்திருந்தாரோ என்னவோ. அது ஆறவில்லை. “பதினோரு வருசம்,” என்று மட்டும் சொன்னார்.

சாதிக் அலி வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அறைக்குள் ஓரமாக நடந்து, சத்தியமூர்த்தியின் மேஜையை ஒரு முறை சுற்றி வந்து, தரையைப் பார்த்தார்.

“கல்யாணி, மணி என்ன?”

“பத்து அம்பது.”

“இங்க என்ன இல்ல?”

கல்யாணசுந்தரி சுற்றுமுற்றும் பார்த்தாள். மேஜை இருந்தது, ஜன்னல் இருந்தது, நீலமும் சிவப்பும் மஞ்சளும் மேலே மங்கலாக இருந்தன. அவள் கண்கள் மெல்ல மேஜைக்கு இறங்கின. மேஜைமேல் ஒரு பொட்டு நிறம்கூட இல்லை.

“வெயில் இல்ல,” என்றாள் மெதுவாக.

“ஏகப்பா,” என்று கூப்பிட்டார் சாதிக் அலி. “இந்த ரூமுக்குள்ள வெயில் எப்ப வரும்?”

“காலையில வெயிலெல்லாம் முத்தத்துக்கு அங்குட்டுதான் சார். இது மேக்கால பார்த்த ஜன்னல். ரெண்டு ரெண்டரைக்குத்தான் இங்குட்டு எட்டிப்பார்க்கும். அப்புறம் அனலா அடிக்கும். அதுனாலதானே இந்த ரூமுக்கு வாடகை கம்மி.”

“நேத்து ஒம்பதரைக்குப் பத்து நிமிசம் இங்க பெட்டியைத் திறந்திருந்தா, பன்னெண்டும் சாம்பலாவே இருந்திருக்கும்,” என்றார் சாதிக் அலி. “தகட்டுல கோடு கிழிச்ச மாதிரி நீலமும் சிவப்பும் விழுந்திருக்கு. நேர் வெயில் விழுந்தாத்தான் அப்படி விழும். ரெண்டரை மணிக்கு மேல திறந்திருக்கீக. அந்த நேரத்துல வீரையா பெட்டியை ஒப்படைச்சு நாலு மணி நேரமாச்சு.”

சத்தியமூர்த்தி ஒரு பேனாவை எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

“இன்னொண்ணும் இருக்கு. வீரையா பதினோரு வருசம் சிவப்பு பல்புக்குக் கீழ வேலை பார்த்தவரு. அவரு வித்திருந்தா, வெளிச்சத்துல பிரிக்காதீகன்னு முதல்ல சொல்லியிருப்பாரு. உங்களுக்கு வித்தவனுக்கு அது தெரியாது. மிஷினை மட்டுந்தான் தெரியும்.” சாதிக் அலி நாகவல்லியிடம் கை நீட்டினார். “அந்த ரசீதைக் குடுங்க.”

நாகவல்லி இடுப்பிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். பெட்டி ஒன்று பெறப்பட்டது, காலை 10.15. கீழே கையெழுத்து: குருநாதன், ஈ.சி.ஜி. பிரிவு.

“ஆஸ்பத்திரியில ஒரு ஆள் உங்களுக்கு எப்பவும் வேணும்,” என்றார் சாதிக் அலி, சத்தியமூர்த்தியைப் பார்த்து. “அவனைக் காப்பாத்தணும்னா எவனையாவது கைகாட்டணும். வாசல்ல பத்து நிமிசம் உங்களோட பேசுனவரு வசமா மாட்டுனாரு.”

நாகவல்லியின் முகம் இப்போது வெளிறியதுபோல முன்பு வெளிறவில்லை. வீரையா திருடினார் என்று கேட்டபோது சுவரைப் பிடித்தவர், திருடவில்லை என்று கேட்டதும் ஏகப்பனின் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பன்னிரண்டாவது தகட்டைக் கறுப்புக் காகிதத்தோடு கல்யாணசுந்தரி எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். “நீங்க கடுதாசியை எழுதி முடிங்க சார். போலீஸ்காரவுகளும் ஒண்ணு எழுதச் சொல்லுவாக. பேனாதான் மூணு இருக்கே.”

ஏகப்பனை வாசலில் காவல் வைத்துவிட்டு அவர்கள் கிளம்பினார்கள்.

*

டாக்டர் ஆபிதா வார்டிலிருந்து வந்தார். ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள்.

“வாங்க அண்ணே. நான் இன்னைக்குக் கலெக்டருக்கு எழுதறதா இருந்தேன், இந்தத் தகட்டைத் தடை செய்யணும்னு,” என்றார், நாகவல்லியைப் பார்க்காமல்.

“அரை மணி நேரம் கழிச்சு எழுதுங்க,” என்றார் சாதிக் அலி.

குருநாதன் மிஷின் அறையில் இருந்தான். முப்பது வயது, மெலிந்த உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர். சாதிக் அலி கேள்வி எதுவும் கேட்கவில்லை. பன்னிரண்டு தகடுகளையும் மேஜையில் வரிசையாக அடுக்கினார். ஈயத் தகட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உண்மையானதை வைத்தார். பிறகு ரசீதைப் பக்கத்தில் வைத்தார்.

குருநாதன் வரிசையைப் பார்த்தான்.

“ஒண்ணே ஒண்ணுதான்னாரு,” என்றான். “மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரியில வேலை வாங்கித் தர்றேன்னாரு. பட்டறையில பார்த்ததை வச்சு ஈயத்துல அதே மாதிரி ஒண்ணு அவரே செஞ்சு வச்சிருந்தாரு. சாப்பாட்டு நேரத்துல பெட்டியை எடுத்துக்கிட்டுப் போனேன். மூணு மணிக்குத் திருப்பிக் கொண்டாந்துட்டேன்.”

“கொண்டாந்தப்ப திறந்து பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“கறுத்திருந்துச்சா?”

அவன் தலையாட்டினான்.

“மருது நெஞ்சுல கட்டும்போது?”

குருநாதன் திரும்பினான். மிஷினின் மூடியை ஒரு தடவை திறந்து மூடினான்.

“கறுத்ததால என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது சார். ஏதோ ஆயிருச்சுன்னு மட்டும் தெரிஞ்சுச்சு. வேண்டாம், பழசையே வைப்போம்னு சொல்ல வாய்வரைக்கும் வந்துச்சு. ஏன்னு டாக்டரம்மா கேப்பாக. கேட்டா எங்க கொண்டுபோனேன்னு சொல்லணும்.”

ஆபிதா அவன் எதிரில் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

“ஊசி போட்ட பிறகு அவர் நாடி என் விரலுக்குக் கீழேயிருந்து நழுவிக்கிட்டே போச்சு, குருநாதா. நான் பழைய தகட்டைக் கொண்டான்னு கத்துறவரைக்கும் நீ பக்கத்துல நின்னுக்கிட்டு அவர் நெஞ்சுல இருந்த களிம்பைத் துடைச்சுக்கிட்டிருந்தே. அப்பக்கூட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

குருநாதன் அழுதான். யாரும் அவனை அடக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. ஆபிதா போன் இருந்த அறைக்குப் போய் சப்-இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார்.

திரும்பி வந்தபோது நாகவல்லியை முதல் முறையாக நேராகப் பார்த்தார்.

“புதுசாப் பன்னெண்டு எப்ப முடியும்?”

“ஒரு வாரமாகும் டாக்டர்.”

“பூட்டுப் போட்ட பெட்டியில கொண்டாங்க. ஒரு சாவி உங்ககிட்ட, ஒண்ணு என்கிட்ட. மருதுவுக்குத்தான் முதல்ல வச்சு எடுக்கப்போறேன். அவரே கேட்டுட்டாரு. ‘என்னை அந்தப் பாடு படுத்துன சாமானை நல்லாயிருக்கிறப்ப ஒரு தரம் பார்த்துக்கிறேன்’ங்கிறாரு.”

*

காரைக்குடிக்குத் திரும்பும் வழியெல்லாம் நாகவல்லி ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். சாக்கோட்டைக்குப் பிரியும் இடம் வந்ததும், “இப்படித் திருப்புங்க சார்,” என்றார்.

வீரையாவின் வீட்டு வாசலில் அவர் மனைவி ராக்காயி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். மூன்று பேர் காரிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை. முறம் நிற்கவும் இல்லை. சாதிக் அலியும் கல்யாணசுந்தரியும் வேப்பமரத்தோடு நின்றுகொண்டார்கள். நாகவல்லி மட்டும் போய் வெயிலில் நின்றார்.

சத்தம் கேட்டு வீரையா உள்ளேயிருந்து வந்தார். ஐம்பத்தைந்து வயது. விரல் இடுக்கெல்லாம் பாலிஷ் கறுப்பு, ஊறிப்போன கறுப்பு.

“திருடினது நீங்க இல்லண்ணே,” என்றார் நாகவல்லி. “ஆஸ்பத்திரி ஆளு. தெரிஞ்சுபோச்சு.”

“அது எனக்கு நேத்தே தெரியும்,” என்றார் வீரையா.

“நான் உங்களைக் கேட்டிருக்கணும்.”

“ஆமா. அந்த ஏஜெண்டு வாசல்ல என்னையுந்தான் கேட்டாரு, முடியாதுன்னுட்டேன்.”

“கேக்காமச் சொல்லிட்டேன். உங்க வாசல்ல நின்னு, தெருவே பார்க்கச் சொல்லிட்டேன்.” நாகவல்லி தெருப் பக்கம் திரும்பினார். “அதுனால இங்கயே நின்னு சொல்றேன். தப்பு என்மேலதான். வேலைக்கு வாங்கண்ணே. புதுசாப் பன்னெண்டு பூசணும். நீங்க பாலிஷ் போடாட்டி பூச்சு பிடிக்காது.”

எதிர்வீட்டுத் திண்ணையில் இரண்டு பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். வீரையா அவர்களைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், தன் கை விரல்களைப் பார்த்தார்.

“நாளைக்கு வரல,” என்றார். “திங்கக்கிழமை வாரேன்.”

“சரிண்ணே.”

“நாலு நாளைக்கு நான் கோவமா இருக்கணும். உடனே வந்துட்டா எனக்கே நல்லாருக்காது.”

“இருங்கண்ணே,” என்றார் நாகவல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நியாயந்தான்.”

வேப்பமரத்தடியில் கல்யாணசுந்தரி வாயைத் திறந்தாள். சாதிக் அலி அவளைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் சொல்ல வந்ததைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டாள்.

ராக்காயி முறத்தைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், “வெயில்ல நிக்காம உள்ள வாங்க,” என்றாள். “மோர் இருக்கு.”